அண்ணன் கழற்றிக்கொண்டு போன டேங்க்

வீட்டைப் பங்கு பிரிப்பார்கள், நிலத்தைப் பிரிப்பார்கள், பாத்திரம் பண்டத்தைக்கூடப் பிரிப்பார்கள். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளைப் பிரித்து, தம்பி வண்டியையும் அண்ணன் அதன் பெட்ரோல் டேங்கையும் வைத்துக்கொண்ட கூத்தை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? டேங்க் இல்லாத வண்டி நகராது. வண்டி இல்லாத டேங்கைத் தலைக்கு வைத்துப் படுக்கவும் முடியாது. ஆனாலும் இரண்டு பேரும் இருபத்திரண்டு வருஷம் அவரவர் பங்கைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இத்தனைக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாற்பது நிமிஷப் பஸ் பயணம்தான்.

தம்பிக்காரரை எல்லோரும் 'முத்திரை' என்றுதான் கூப்பிடுவார்கள். உத்தியோகம் அப்படி. கடை கடையாகப் போய்த் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கிறதா என்று சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். மரப்பெட்டிக்குள் வெல்வெட் துணியில் படுத்திருக்கும் பித்தளை எடைக்கற்களை வெறும் கையால் தொடமாட்டார். விரல் வியர்வை பட்டால் எடை மாறிவிடுமாம். வீட்டிலும் அதே ஆள்தான். சுவரில் ஒரு படம் மாட்டுவதற்கு மட்டப்பலகையைத் தூக்கிக்கொண்டு வருவார். ஜன்னல் கதவு அரை நூல் இறங்கியிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி தராசுல ஏத்திப் பார்க்காம விட்டாரே, அதுவே பெரிய விஷயம்" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அண்ணன் இதற்கு நேர் எதிர். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். வாயைத் திறந்தால் "சமாளிச்சுக்கலாம் விடு". மேஜைக்கால் ஆடினால் அட்டையை மடித்துக் கீழே வைப்பார். பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் அந்த அட்டை அங்கேயே இருக்கும். மேஜையும் ஆடாமல் இருக்கும், அதைச் சொல்லணுமே.

அண்ணனுக்கு இருபத்தேழு, தம்பிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது இருவரும் சேர்ந்து அந்தப் பழைய வண்டியை வாங்கினார்கள். அப்போதே அது கிழவண்டி. கறுப்பு டேங்க், அதன் இரண்டு பக்கமும் கையால் இழுத்த தங்கக் கோடு, முழங்கால் படுகிற இடத்தில் ரப்பர் திண்டு. அண்ணன் ஓட்டுவார், தம்பி பின்னால். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த வரிசை மாறியதில்லை. "நீ ஓட்டறியாடா?" என்று அண்ணன் கேட்பார். "வேணாம்ணா" என்பார் தம்பி. மழை வந்தால் அண்ணன் முதுகுக்குப் பின்னால் முகத்தைப் பதித்துக்கொள்ளலாம். இந்தச் சொகுசை யார் விடுவார்கள்?

வாங்கின நாலாம் வருஷம் ஒரு வளைவில் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கி விழுந்தது. தம்பிக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அண்ணனுக்குக் கால் எலும்பு முறிந்தது. டேங்குக்கு அடியில் ஓடுகிற ஃப்ரேமின் மேல் குழாய் இடது பக்கமாக வளைந்துவிட்டது. நாலு மாதம் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, டேங்கை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் உள் அறையில் அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். கர், கர் என்று அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். அம்மா, "டேய், பல்லு கூசுது" என்று சமையலறையிலிருந்து கத்துவாள். நாலு மாதம் கழித்து வண்டி வெளியே வந்தபோது பார்க்க நேராகத்தான் இருந்தது. "அட்ஜஸ்ட் பண்ணியிருக்கேன், ஏறு" என்றார் அண்ணன். தம்பி ஏறினார். இன்னும் ஏழு வருஷம் ஓடிற்று.

அப்புறம்தான் அம்மா சமாசாரம்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது முத்திரை வெளியூரில் ஆறு வாரப் பயிற்சியில் இருந்தார். கடைசி நாள் பரீட்சை, அதில் தேறினால்தான் வேலை நிரந்தரம். தினமும் சாயந்தரம் போன் பண்ணுவார். "இப்பத்தான் கண் அசந்தாங்க. நல்லாத்தான் இருக்காங்க. நீ படி" என்பார் அண்ணன். ஆறு வாரமும் அதே பாட்டு. பரீட்சை எழுதிவிட்டு, வீட்டுக்கு இனிப்பெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினால் அம்மா போய் ஒரு நாள் ஆகியிருந்தது. முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் மனுஷர் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசிவிட்டார்.

"ஏண்ணா சொல்லல?"

"பரீட்சை முடியட்டும்னுதான்டா. சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

"சமாளிச்சுக்கலாமா? உனக்கு எப்பவும் இதே வேலை. வண்டி விழுந்தப்பவும் இப்படித்தானே? வளைஞ்சதை நிமித்தத் துப்பில்லாம மேல டேங்கை வச்சு மூடின. வாழ்க்கையில ஒரு காரியத்தையாவது நேரா செஞ்சிருக்கியா நீ? கோணலைக் கோணலால மூடுற ஆளு!"

 அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டி நின்ற கொட்டகைக்குப் போனார். டேங்கைக் கழற்றினார். உள்ளே இருந்த பெட்ரோலை வாளியில் ஊற்றி ஓரமாக வைத்தார். டேங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவர், "நேரா இருக்கிறதையெல்லாம் நீ வச்சுக்கோ. கோணலை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார். போனவர் போனவர்தான்.

'அவனுக்குச் சொல்லாதே, பரீட்சை எழுதட்டும்' என்று அம்மாதான் அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அது முத்திரைக்குத் தெரிய ஒரு வருஷம் ஆனது. அண்ணி போனில் முத்திரையின் மனைவியிடம் சொல்லி, அவள் இவரிடம் சொன்னாள். பெண்கள் இரண்டு பேரும் பேச்சை விடவே இல்லை, அவர்களுக்கு ஆயிரம் வேலை இருந்தது. முத்திரைக்கு அன்றைக்கே போய் அண்ணன் காலில் விழவேண்டும்போல இருந்தது. இரண்டு தடவை பஸ் நிறுத்தம் வரைக்கும் போனார். போய் என்ன சொல்வது என்று யோசித்தார். பஸ் வந்தது, போனது. திரும்பி வந்துவிட்டார். வீராப்பு என்பது அப்படித்தான், முதல் வருஷம் நாம் அதைப் பிடித்துக்கொண்டிருப்போம், அப்புறம் அது நம்மைப் பிடித்துக்கொள்ளும். அண்ணன் மகள் கல்யாணத்துப் போட்டோவில் இரண்டு பேரும் இரண்டு கோடியில் நிற்கிறார்கள். நடுவில் இருபது பேர்.

ஆனால் ஏக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு வீராப்பு தெரியுமா? தெருவில் ஏதாவது பழைய வண்டி 'தட் தட்' என்று போனால் முத்திரை தராசைப் பாதியில் விட்டுவிட்டுக் கடை வாசலுக்கு வந்துவிடுவார். போகிறது யாரென்று பார்ப்பார். அண்ணன் எப்படி அந்த வண்டியில் போவார், வண்டிதான் இவர் கொட்டகையில் நிற்கிறதே! அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் வருவார்.

ஐம்பத்து மூன்றாம் வயதில் ஒரு நாள் திடீரென்று கொட்டகையைத் திறந்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். இரண்டு வருஷம் அதுவே வேலையாகக் கிடந்தார். இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தார். கம்பிச் சக்கரத்தைப் புதிதாகக் கட்டினார். வளைந்த ஃப்ரேமை வெல்டர் ஒருவரிடம் கொண்டுபோய் நிமிர்த்தினார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நூல் கட்டிப் பார்த்தபோது ஒரு மயிரிழை விலகலில்லை. டேங்க் மட்டும் இல்லை. பழைய அளவுக்குப் புதிதாக அடித்து விற்கிற நகல் டேங்க் ஒன்றைத் தேடி வாங்கிவந்து மாட்டினார். நன்றாகத்தான் உட்கார்ந்தது. வண்டி ஓடிற்று. பார்த்தவர்களெல்லாம் ஆகா என்றார்கள். முத்திரை மட்டும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து சாவியை ஆணியில் மாட்டினவர், அப்புறம் அதை எடுக்கவே இல்லை.

"ஏங்க, இவ்வளவு பாடுபட்டுட்டு ஓட்டலைன்னா எப்படி?" என்றாள் மனைவி.

"ஓடுது. ஆனா அது எங்க வண்டி இல்ல" என்றார்.

'என் வண்டி' என்று சொல்லவில்லை, 'எங்க வண்டி' என்றார். மனைவி அதைக் கவனித்தாள். கவனித்ததை வாயை விட்டுச் சொல்கிறவளா அவள்? அன்றைக்கே போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் வாடகைக் காரில் அண்ணி வந்து இறங்கினார். மெத்தை விரிப்பில் சுற்றின ஒரு மூட்டையைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.  முத்திரைக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, அதன் வடிவத்தை எந்தத் துணியாலும் மறைக்க முடியாது.

"தம்பி, நாங்க கிளம்பறோம். வெளிநாட்டுல இருக்கிற பொண்ணுகிட்டயே போயிடறோம். வீட்டைக் குடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை விமானம்" என்றார் அண்ணி.

"எப்போ திரும்பி வருவீங்க?"

"திரும்பி எங்க வர்றது? இந்த வயசுல பெட்டி கட்டறோம்னா ஒரேயடியாத்தான்."

 நாற்பது நிமிஷப் பஸ் பயணத்தை இருபத்திரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவருக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

"இதை... அண்ணன் குடுத்து அனுப்பினாரா?"

"அவரா? 'பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடு'ன்னார். சொல்லிட்டு, அவரே மெத்தை விரிப்பை எடுத்துச் சுத்தி நாலு முடிச்சுப் போட்டு வச்சார். பழைய இரும்புக்குப் போற சாமானுக்கு யாராவது முடிச்சுப் போடுவாங்களா தம்பி? நானும் ஒண்ணும் கேக்கலை. 'சரி, இரும்புக்காரனைப் பார்த்துட்டு வரேன்'னுட்டு நேரா இங்க வந்துட்டேன்."

 முடிச்சுகளை மனைவிதான் அவிழ்த்தாள். அதே கறுப்பு. தங்கக் கோடு அங்கங்கே தேய்ந்து போயிருந்தது. முத்திரை மூடியைத் திறந்து டார்ச் விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தார். பெட்ரோல் இல்லாமல் கிடக்கிற டேங்க் இரண்டு வருஷத்தில் உள்ளே துருப்பிடித்துவிடும், நாலு வருஷத்தில் பொடியாகக் கொட்டும். இதில் ஒரு பொட்டுத் துரு இல்லை. உள்சுவர் முழுக்க எண்ணெய் மினுமினுத்தது.

"வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி அரை லிட்டர் எண்ணெய் ஊத்துவார்" என்றார் அண்ணி. "மடியில வச்சுக்கிட்டு இப்படிச் சாய்ப்பார், அப்படிச் சாய்ப்பார். மூலை முடுக்கெல்லாம் படணுமாம். ஒரு மணி நேரம் தாலாட்டு நடக்கும். 'யாருக்குங்க இது?'ன்னு ஒரு தடவை கேட்டேன். 'கேட்டு வந்தா குடுக்கணும்ல'ன்னார். அப்புறம் நான் கேக்கறதே இல்ல."

முத்திரை டார்ச்சை அணைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார். பெண்கள் இரண்டு பேரும் அவர் பின்னால் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நகல் டேங்கைக் கழற்றினார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இந்த வண்டியில் அண்ணன் வாசலில் போய் நிற்கவேண்டும், அதுதான் கணக்கு. வாயைத் திறந்து கேட்க வராத மன்னிப்பை வண்டி கேட்டுவிடும் என்று ஒரு நப்பாசை. டேங்கைத் தூக்கி ஃப்ரேமின் மேல் வைத்தார்.

உட்காரவில்லை!

முன்னால் ஒரு பக்கம் ரப்பர் தாங்கியில் பொருந்தினால் மறுபக்கம் அந்தரத்தில் நின்றது. பின்னால் போல்ட் போகவேண்டிய ஓட்டை வேறெங்கோ பார்த்தது. அமுக்கிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். தலைகீழாக நின்றாலும் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "பார்த்தியா, எனக்கு ஆகக் கூடாதுன்னு வேணும்னே எதையோ பண்ணியிருக்கார்!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

"உங்க அண்ணனா? வருஷா வருஷம் எண்ணெய் தடவினவரா?" என்றாள் அவள். "வாயைக் கழுவுங்க. முதல்ல அளந்து பாருங்க, அதுதானே உங்களுக்குத் தெரிஞ்ச வேலை."

அளந்தார். டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, அளவு பார்க்கும் இடுக்கியை வைத்து ஒவ்வொரு இடமாக அளந்தார். பின் ஓட்டை வட்டமாக இல்லை, இடப்பக்கமாக ஒன்பது மில்லிமீட்டர் நீளமாக ராவப்பட்டிருந்தது. முன்னால் ரப்பரில் உட்காரும் இடது காதை அறுத்து ஆறு மில்லி இறக்கிப் பித்தளை வைத்து ஒட்டியிருந்தது. குழாய் ஓடுகிற அடிப்பள்ளம் ஒரு பக்கம் மட்டும் உட்புறமாகத் தட்டி விரிக்கப்பட்டிருந்தது. எத்தனை ஆயிரம் சின்னச் சின்னத் தட்டு! ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தது. இந்த டேங்க் வளைந்த ஃப்ரேமுக்காகச் செய்தது. போன வருஷம் இவர்தானே அந்த வளைவை நிமிர்த்தினார்? மயிரிழை விலகல் இல்லாமல் நூல் கட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டாரே, அந்தப் பெருமைதான் இப்போது டேங்கை உட்காரவிடாமல் தள்ளிற்று. முத்திரை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை டேங்கையும் வண்டியையும் வெல்டரிடம் கொண்டுபோனார். வெல்டர் வாய்த்துடுக்கான ஆள், கை சுத்தமான ஆள். டேங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஓட்டையை அடைச்சுட்டுப் புதுசா ஒண்ணு போட்டு, இந்தக் காதை அறுத்துப் பழைய இடத்துக்கே தூக்கி ஒட்டிடலாம் சார். ரெண்டு மணி நேர வேலை" என்றார்.

"டேங்க்ல கை வைக்கக் கூடாது."

"பின்னே எதுல வைக்கிறது, என் தலையிலயா?"

"ஃப்ரேம்ல. பழையபடி வளைச்சுடுங்க."

வெல்டர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், உடம்புக்கு ஒண்ணுமில்லையே? போன வருஷம் மூணு நாள் என் உயிரை எடுத்தீங்க. 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு நிமித்தச் சொன்ன வாய்தானே இது?"

"இதே வாய்தான். இப்போ வளைக்கச் சொல்லுது."

"வளைச்சா வண்டி இடது பக்கம் இழுக்கும்."

"அப்பவும் இழுத்துச்சு."

வெல்டர் குனிந்து குழாயைத் தட்டிப் பார்த்தார். "தாங்கும். போன வருஷம் உள்ளே இன்னொரு குழாயைச் சொருகித்தான் நிமித்தினேன், அதனால தாங்கும். முதல்ல விழுந்தப்பவே இந்த இடம் பிஞ்சு மெலிஞ்சு போயிருந்தது சார். அந்தக் காலத்துல எவனாவது சும்மா சூடு காட்டி நிமித்தியிருந்தான்னு வைங்க, ரெண்டு ஆளை ஏத்திக்கிட்டு முதல் பள்ளத்துல இறங்கறப்பவே பட்டுனு போயிருக்கும். பின்னாடி உக்காந்தவன் கதி அவ்வளவுதான். யாரோ விவரமான ஆளுதான் அதைத் தொடாம விட்டு, டேங்கை மாத்தியிருக்கான்."

பின்னால் உட்கார்ந்திருந்தது யார்? முத்திரைதான். 'நிமித்தத் துப்பில்ல' என்று அன்றைக்கு முற்றத்தில் நின்று கத்தியதும் அதே முத்திரைதான். பதினோரு வருஷம் அண்ணன் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தவருக்கு அந்த முதுகு எதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தது என்று தெரியாமல் போயிற்று.  வெல்டர் முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புகை சார்" என்றார் வெல்டர், பெரிய மனசு பண்ணி. அடுப்பே இன்னும் பற்றவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வரை வேலை நடந்தது. இன்ஜினை இறக்கி, ஃப்ரேமை இறுக்கிக் கட்டி, சூடு காட்டி, ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார்கள். முத்திரை இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே நின்றார். "இன்னும் ஒரு மில்லி." "போதும் சார்." "இல்ல, இன்னும் முக்கால் மில்லி." வெல்டருக்குப் பொறுமை போய்விட்டது. "கோணலுக்கும் முத்திரை குத்தணுமா சார்?" என்று கேட்டார். "ஆமா, ஒன்பது மில்லி. எட்டே முக்கால் ஆகாது" என்றார் இவர்.

சனிக்கிழமை காலையில் வீட்டுக் கொட்டகையில் மனைவி ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, டேங்கை வைத்தார். முன் ரப்பர் இரண்டிலும் சேர்ந்தாற்போல் இறங்கிற்று. பின் போல்ட்டுக்கு ஸ்பேனர்கூட வேண்டியிருக்கவில்லை, விரலாலேயே திருகத் திருக ஏறிற்று. முப்பத்தொரு வயதில் ஒரு மனுஷர் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்து ராவின ஓட்டை அது, இத்தனை காலம் கழித்தும் கால் மில்லி பிசகவில்லை. யார் வாழ்க்கையில் எதையும் நேராகச் செய்யாதவர்? முத்திரை டேங்கின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். மனைவி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள், கிண்டல் ஒன்றும் பண்ணவில்லை.

உள்ளே இருந்த எண்ணெயைக் கழுவி எடுத்துவிட்டு, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்கக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினார். ஒழுகவில்லை. குழாயில் சூடு காட்டின இடத்தில் பெயின்ட் கருகிப் போயிருந்தது. பெயின்ட் அடிக்க நேரமில்லை. அந்தப் பெயின்ட் கருகலோடு முத்திரை தெருவில் இறங்கினார் என்றால், தெரிந்தவர்களுக்கு அதிலேயே விஷயம் புரிந்துவிடும்.

வண்டி இடது பக்கம் இழுத்தது. அவர் உடம்பு தன்னால் வலது பக்கம் சாய்ந்து கொடுத்தது. பின்னால் உட்கார்ந்த ஏழு வருஷமும் இப்படித்தான் சாய்ந்துகொண்டு வந்திருக்கிறோம் என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. முன்னால் ஒரு முதுகு இல்லை, அதுதான் குறை.

அண்ணன் வீட்டில் கதவெல்லாம் திறந்து கிடந்தது. படம் மாட்டியிருந்த இடங்களில் சுவர் வெளுத்துச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. கூடத்தில் நாலு பெட்டிகள். அண்ணி ஒரு கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தக் காலத்திலும் சரியான எடை காட்டாத சாமான். வேறு நாளாக இருந்தால் முத்திரை அதைப் பிடுங்கியே எறிந்திருப்பார்.

வண்டிச் சத்தம் கேட்டு அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கால் லேசாக விந்திற்று. தம்பியை அவர் பார்க்கவில்லை. நேராக வந்து குனிந்து, சீட்டுக்கு முன்னால் விரலை விட்டுப் பின் போல்ட்டைத் தடவிப் பார்த்தார். அடியில் கையை விட்டுக் குழாயைத் தடவினார். கருகின இடத்தில் விரல் நின்றது.

"வளைச்சியா?"

"வளைச்சேன்."

"நேரா இருந்ததையா?"

"ஆமாண்ணா."

"முட்டாப் பயலே" என்றார் அண்ணன்.  அப்படியே டேங்கின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். முத்திரை ஒத்திகை பார்த்து வந்த பேச்செல்லாம் எங்கே போயிற்றோ! "அண்ணா, ஏறுண்ணா" என்றார், அதுதான் வந்தது.

"நான் ஓட்டமுடியாதுடா, கால் ஒத்துழைக்காது."

"நான் ஓட்டறேன். நீ பின்னாடி உக்காரு."

அண்ணி கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "அஞ்சு மணிக்குச் சாவி வாங்க ஆள் வராங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். போகவேண்டாம் என்று சொல்லவில்லை.

அண்ணன் ஏறினார். தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். தெருமுனை தாண்டியதும், "மெதுவாப் போடா. எங்கயும் போய்ச் சேர வேண்டாம்" என்றார். முத்திரை மெதுவாகப் போனார். ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற சாலையில் இரண்டு பேரும் ஒரே அளவு வலது பக்கம் சாய்ந்தபடி போனார்கள். அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு திருப்பத்தில் மட்டும், "அம்மா கடைசி நாள்ல உன்னைத்தான்டா கேட்டுக்கிட்டே இருந்தா" என்றார் அண்ணன். முத்திரை தலையை ஆட்டினார். பின்னாலிருந்து அவர் முகம் அண்ணனுக்குத் தெரியாது, அது நல்லதாகப் போயிற்று.

கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் இருமிற்று, இன்னொரு தரம் இருமிற்று, நின்றுவிட்டது. முத்திரை மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. ஊரில் உள்ள தராசையெல்லாம் சோதிக்கிற மனுஷர், ஒழுகுகிறதா என்று பார்க்க ஊற்றின முக்கால் லிட்டரோடு கிளம்பி வந்திருந்தார்.

"நீ அளந்து ஊத்தின லட்சணம்!" என்று அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்கள். அண்ணன் ஒரு கையை டேங்கின் மேல் வைத்துக்கொண்டு விந்தி விந்தி நடந்தார்.

"நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன்டா" என்றார் அண்ணன்.

"நீ குடுத்திருந்தா நான் அன்னைக்கே கேட்டிருப்பேன்" என்றார் முத்திரை.

"என்ன பேச்சுடா இது?"

"தெரியலண்ணா."

எதிரே பெட்ரோல் பங்க் வந்தது. கூட்டமே இல்லை. சீருடை போட்ட ஆள் இவர்களைப் பார்த்ததும் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றார். அண்ணன் பங்க்கைப் பார்த்தார். முத்திரையும் பார்த்தார். அங்கே நுழைந்தால் இரண்டு நிமிஷத்தில் வண்டி ஓடும், பத்து நிமிஷத்தில் வீடு வந்துவிடும். அதற்குமேல் பெட்டி, சாவி, விமானம்.

"சார், பெட்ரோல்?" என்று அந்த ஆள் குரல் கொடுத்தார்.

"வேணாம்ப்பா, பக்கத்துலதான் வீடு" என்றார் முத்திரை.

வீடு நாலு கிலோமீட்டர். இரண்டு பேரும் பங்க்கைத் தாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.